மைனஸ் பதினாறு மணி நேரம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மரியாதைக்குப் பேர் போன கோயம்புத்தூரில் இது சாதாரணக் குறையில்லை. எங்கள் அலுவலகத்தில் ஒருவர் செய்த தப்பை இன்னொருவர் சுட்டிக்காட்டவே மாட்டார்கள். "ஒரு பார்வை பாத்துப்போடுங்களேன்" என்பதுதான் அங்கே அதிகபட்ச வசவு.

சரவணம்பட்டியில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இருக்கிறது அந்த அலுவலகம். நூல் மில்களில் யார் எந்த ஷிஃப்டில் எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள் என்று கணக்கிடும் மென்பொருள்தான் எங்கள் பிழைப்பு. அதைச் சோதிக்கிற ஒரே ஆள் நான். நிரலில் யார் எதை மாற்றினாலும் பழைய கணக்கெல்லாம் இன்னும் சரியாக வருகிறதா என்று பார்க்க, சின்னச் சின்னதாக நூற்றுக்கணக்கான சோதனைகளை எழுதி வைத்திருந்தேன். டெஸ்ட் ரன்னர் என்ற கருவி அவற்றை வரிசையாக ஓட்டி, எது தேறியது, எது தவறியது என்று சொல்லும்.

சொல்லும் என்பது பேச்சுக்கு. தேறியவற்றைப் பற்றிப் பக்கம் பக்கமாக அளந்துவிட்டு, தவறியதை நடுவில் எங்கேயோ ஒரு வரியில் போட்டுவிட்டு, கடைசியில் 'தோல்வி' என்று சிவப்பில் காட்டி நிற்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. போதாக்குறைக்கு, நெட்வொர்க் மெதுவானால் தவறி, மறுபடி ஓட்டினால் தேறிவிடும் சோதனைகளும் சில இருந்தன. புலி வருது, புலி வருது என்று தினமும் கத்தினால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? சிவப்பைக் கண்டால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "இன்னொருக்கா ஓட்டிப்போடுங்க."

முதலாளியும் அதையேதான் சொல்வார். அவரும் நிரல் எழுதுகிறவர். புதுப் பதிப்பை மில்லுக்கு அனுப்பும் பொத்தானை அவரைத் தவிர யாரும் தொட்டதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை கூட்டத்தில் சிரித்த முகத்தோடு சொன்னார்: "ஏனுங்க அம்மணி, இந்த டெஸ்டை எல்லாம் நிறுத்திப்போடலாமுங்களா? ஆரும் பாக்கறதில்லீங்க. நீங்க சப்போர்ட்டுக்குப் போயிருங்க, போன் எடுக்க ஆள் வேணும்."

நான் கட்டியதையெல்லாம் இவ்வளவு மரியாதையாக இடிக்க முடியுமா என்று எனக்கு உடம்பெல்லாம் பற்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு, "அன்னூர் மில்லுக்குப் புதுசு அனுப்பற வரைக்கும் டைம் குடுங்க சார்" என்றேன். "சரீங்க" என்றார்.

திங்கட்கிழமை உட்கார்ந்தேன். சோதனைகள் மேல் தப்பில்லை, அவை வாய் திறக்கும் விதத்தில்தான் தப்பு என்பது எனக்குத் தெரியும். தேறியவற்றை வாய் மூட வைத்தேன். ஒரு முறை தவறி மறுமுறை தேறுகிறவற்றைத் தனியாக ஒதுக்கினேன். உண்மையாகத் தவறியது மட்டும் கடைசியில், கண்ணெதிரே வரும்படி செய்தேன். என்ன வர வேண்டும், என்ன வந்தது, எந்தக் கோப்பில் எந்த வரி. அதோடு இன்னொன்றையும் சேர்த்தேன்: அந்த வரியைக் கடைசியாக மாற்றியவர் பெயர்.

பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்தார். கிணத்துக்கடவிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர், ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காதவர். முகம் வெளுத்துவிட்டது.

"பேரெல்லாம் வேண்டாமுங்க. மனசு சங்கடப்படும்."

"பேர் இல்லாட்டி அது விலாசம் இல்லாத கடுதாசிங்க. எல்லாரும் அடுத்தவனுக்குன்னு நெனச்சுக்குவாங்க."

அவர் யோசித்தார். "அப்படீன்னா மருவாதியாவாச்சும் சொல்லச் சொல்லுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவர் சொன்னது சரி என்று உடனே பட்டது. நம் ஊர் ஆட்களிடம் வேலை வாங்க நம் ஊர்ப் பேச்சுதானே வேண்டும்? அன்று மாலைக்குள் டெஸ்ட் ரன்னர் கொங்குத் தமிழ் பேசியது.

அன்னூருக்கு அனுப்ப வேண்டிய நாள் வந்தது. காலையில் முதலாளி கடைசி நேரத்தில் நிரலில் ஏதோ மாற்றிவிட்டு, சோதனைகளை ஓட்டினார். அவருடைய திரையிலும், சுவரில் மாட்டியிருந்த பெரிய திரையிலும் ஒரே நேரத்தில் வந்தது:

"ஏனுங்க, ராத்திரி ஷிஃப்டுக்கு எட்டு மணி நேரம் வரோணும். மைனஸ் பதினாறு வந்திருக்குதுங்க. இந்த வரியைக் கடைசியாத் தொட்டது நீங்கதானுங்க."

கீழே கோப்பு, வரி, முதலாளியின் பெயர்.

அலுவலகமே தட்டச்சை நிறுத்தியது. கிணத்துக்கடவுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். சப்போர்ட்டா, வேலையே போச்சா என்பது இனி அந்த ஒரு மனிதரின் முகத்தில் இருந்தது. வழக்கம்போல 'இன்னொருக்கா' என்று சொல்லிவிடுவாரோ என்றுதான் அதிகம் பயந்தேன்.

அவர் சொல்லவில்லை. திரையை மறுபடி படித்தார். இரவு பத்துக்கு ஏறி விடிகாலை ஆறுக்கு இறங்கும் ஷிஃப்டில், நடுவில் தேதி மாறுவதை அவருடைய புது வரி மறந்துவிட்டது. ஆறிலிருந்து இருபத்திரண்டைக் கழித்து வைத்திருந்தது. எழுந்து என் இருக்கைக்கு வந்தார்.

"ராத்திரியெல்லாம் கண் முழிச்ச ஆளுகளுக்கு மைனஸ் போட்டிருப்பனுங்களே அம்மணி."

"ஆமாங்க சார்."

"கம்பெனி ஆரம்பிச்சதுல இருந்து நாஞ் செஞ்ச தப்பை ஒருத்தரும் என்ற மூஞ்சிக்கு நேராச் சொன்னதில்லீங்க."

"மெசின் சொல்லுதுங்க சார்."

"மெசினுக்கு ஆருங்க சொல்லிக் குடுத்தது?"

எனக்குக் காது வரைக்கும் சிரிப்பு வந்திருந்தது, அதை அடக்கவும் இல்லை.

அவரே போய் வரியைத் திருத்தினார். மறுபடி ஓட்டினார். பெரிய திரையில் பச்சையாக ஒரே ஒரு வரி: "எல்லாஞ் செரியா இருக்குதுங்க." அதை அவர் சத்தமாகப் படித்தார். யாரோ கை தட்டினார்கள். கீழே பேக்கரியிலிருந்து எல்லோருக்கும் டீயும் தேங்காய் பன்னும் வரச் சொன்னார்.

பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு, தன் கணினியைக் காட்டினார்.

"வாங்க அம்மணி. இனி நீங்க அனுப்புனாத்தான் எதுவும் வெளிய போகோணும்."

நான் போய் உட்கார்ந்து, அந்தப் பொத்தானை அழுத்தினேன்.