எட்டு மணிக்கு டி.வி.யை அணைத்த பிறகு

இரண்டாவது முறையும் ஊசி விரலில் இறங்கிய பிறகுதான் மருத்துவரிடம் போனேன். அம்பத்தூரில் சட்டை தைக்கும் கம்பெனியில் காலர் தைப்பவள் நான். வலி உறைக்கும்வரை கண்ணைத் திறந்துகொண்டே தூங்கியிருக்கிறேன்.

கட்டுப் போட்ட மருத்துவர் விரலைவிட என் கண்களைத்தான் அதிகம் பார்த்தார். "எத்தனை நாளா தூக்கம் இல்ல?" நாளா? மாதக்கணக்கு என்றேன். அதற்கு இன்சோம்னியா (தூக்கம் பிடிக்காத நோய்) என்று பெயராம்.

மாத்திரை கேட்டேன், தரவில்லை. "எட்டு மணிக்கு டி.வி.யை அணைச்சிடுங்க. விளக்கைக் குறைச்சுக்குங்க. கைக்கு அவசரமில்லாத வேலை ஏதாவது கொடுங்க" என்றார்.

எரிச்சலாக இருந்தது. எங்கள் வீட்டுக்குக் கேபிள் வந்தே ஆறு மாதம் ஆகவில்லை. ஆனால் இன்னொரு முறை ஊசி ஏறினால் மெஷினிலிருந்து எடுத்துவிடுவதாக சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அப்புறம் நூல் பிசிறு வெட்டுவதுதான் வேலை. பதினோரு வருடம் தைத்தவளுக்கு அதைவிட அவமானம் வேறில்லை.

அன்றே டி.வி.யை அணைத்துவிட்டு, முறத்தில் ரேஷன் அரிசியைக் கொட்டிக் கல் பொறுக்க உட்கார்ந்தேன். அரை மணியில் முடித்தேன். மறுநாள் இருபது நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினேன். படுத்தால் நெஞ்சு படபடத்தது. நீங்களும் இப்படிச் செய்துகொண்டிருந்தால் தயவுசெய்து நிறுத்துங்கள். அதுவும் ஓவர்டைம்தான்.

என் வீட்டுக்காரர் நான்கு நாள் பொறுத்தார். "இன்னாமே, ஊட்லயும் டார்கெட்டா? யாருக்கு லாரில ஏத்தப் போற?"

"சும்மா இருய்யா. கை நிக்க மாட்டேங்குது." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அவர் கடிகாரத்தைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். பொறுக்கி வைத்த அரிசியில், பொறுக்காததை ஒரு படி அள்ளிக் கொட்டிக் கலந்தார். "இப்போ பொறுக்கு. முடிக்கவே வோணாம்."

இரண்டு நாள் அந்த மனிதரோடு பேசவில்லை. கோபத்தோடு பொறுக்கினேன், பிறகு சலிப்போடு. என் கை எப்போது மெதுவானது என்று சொல்லத் தெரியவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு மதியம், கம்பெனியில் சாப்பிடும்போது கடைவாயில் நறுக்கென்று கல் கடிபட்டது. "துப்புக்கா, துப்பு!" என்று பக்கத்து மெஷின்காரி பதறினாள்.

காலையில் உலை வைப்பது என் வீட்டுக்காரர். முறத்தில் இருந்ததை அப்படியே போட்டிருக்கிறார். அப்படியென்றால் முந்தின நாள் நான் பாதியிலேயே விட்டிருக்கிறேன். எப்போது விட்டேன், எத்தனை மணிக்குப் படுத்தேன்? எவ்வளவு யோசித்தும் நினைவில்லை. விடிந்ததுதான் தெரியும்.

கல்லைத் துப்ப மனம் வரவில்லை. கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்தேன்.