செருப்பில் ஊற்றிய பீர்

மார்லிஸ் முப்பது வருஷமாக இந்தப் பாலைவன ஆற்றில் ரப்பர் படகு ஓட்டுகிறவள். ஐந்து நாள் பயணம். ஆட்களை ஏற்றிக்கொண்டு செம்பாறை இடுக்குக்குள் இறங்கி, மணல்திட்டில் சமைத்துப் போட்டு, முழுசாக அந்தப் பக்கம் கொண்டுபோய் விட வேண்டும். எனக்கும் அதே பிழைப்புதான். ஆனால் அவள் கைக்கு முன்னால் நான் ஒன்றுமே இல்லை, சொல்லவே எரிச்சலாக இருக்கிறது.

துடுப்புக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆற்றில் விழுந்தவன் அன்று சாயங்காலமே, கரையில் எல்லார் முன்னாலும், தன் செருப்பில் பீர் ஊற்றிக் குடித்தாக வேண்டும். மார்லிஸின் புருஷன் ராய்ஸ் இதில் பெரிய கில்லாடி. பீருக்காகவே விழுகிறான் என்று கிண்டலடிப்போம். போன செப்டம்பரில், ஆறு பாறைகளுக்கு நடுவே சீறி இறங்குகிற கழுதைப்பல் என்கிற இடத்தில் அவன் படகு கவிழ்ந்தது. பயணிகளை எல்லாம் பிடித்து ஏற்றிவிட்டோம். அவன் உடலை இரண்டு நாள் கழித்துத்தான் எடுத்தோம், காலில் ஒற்றைச் செருப்போடு.

மே மாதம் மார்லிஸ் வேலைக்குத் திரும்பினாள். கிளம்பும்போது முதலாளி என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ஹாய்ட், கழுதைப்பல் வர்றதுக்குள்ள அவளக் கவனிச்சுக்கோ. முடியாதுன்னு தோணிச்சுன்னா துடுப்ப வாங்கிரு. அப்புறம் அவளுக்கு ஆபீஸ் வேலைதான்."

ஆபீஸில் மார்லிஸா! அதற்கு அவளை உயிரோடு புதைத்துவிடலாம்.

மூன்று நாள் பார்த்தேன். அழவில்லை, சிரிக்கவுமில்லை. நாலாம் நாள் காலையில் அடுப்பிலிருந்த இரும்புச் சட்டியை வெறுங்கையால் தூக்கினாள். நான் கத்தின பிறகுதான் கீழே வைத்தாள். உள்ளங்கை சிவந்து கொப்பளித்திருந்தது.

"வலிக்கலையா?"

"தெரியலடா. எல்லாமே மரத்துப்போச்சு."

மரத்துப்போன கையை நம்பி நாலு பயணிகளை எப்படி விடுவது?

மத்தியானம் கழுதைப்பல்லுக்கு மேலே படகுகளைக் கட்டிவிட்டு, வழக்கம்போலப் பாறையேறித் தண்ணீரைப் பார்த்தோம். போன வருஷம் அவள் அந்தப் பயணத்தில் இல்லை.

"எங்க கவுந்தான்?"

காட்டினேன்.

"இடது பக்கமா? வலது பக்கமாப் போடான்னு கிளம்புறப்பவே தலைதலையா அடிச்சுக்கிட்டேன். கேட்டானா, மடையன்." குரலில் ஒன்றுமே இல்லை.

"மார்லிஸ், துடுப்ப என்கிட்ட..."

"முதலாளி சொன்னாராக்கும்? கோழி முட்ட போடுமா போடாதான்னு பாக்குற மாதிரி மூணு நாளா என்னையே பாத்துட்டிருக்க. போடா, போய் உன் படகப் பாரு."

துடுப்பை அவள் கையிலேயே விட்டேன். வலது பக்கமாக வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கினாள். பயணிகள் கைதட்டிக் கூத்தாடினார்கள். அவள் முகம் அப்படியே இருந்தது.

சாயங்காலம் மணல்திட்டில் பீர் டப்பாக்களை உடைத்தோம். மார்லிஸ் தன் பெட்டியிலிருந்து ஒரு பழைய ஒற்றைச் செருப்பை எடுத்தாள். பார்த்ததுமே தெரிந்தது, ராய்ஸுடையது. அதில் பீரை ஊற்றினாள்.

"நீ விழவே இல்லியே," என்றேன். நான் ஒரு முட்டாள்.

"அவன் விழுந்தானே. குடிக்காமப் போயிட்டான்."

ஒரே மூச்சில் குடித்தாள். முகம் கோணியது.

"தூ! இன்னும் அவன் கால் நாத்தம் போகலடா."

சொல்லிவிட்டுச் செருப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். பயணிகள் திகைத்துப்போய் நின்றார்கள். வெகுநேரம் கழித்து உள்ளங்கையை விரித்து என்னிடம் நீட்டினாள்.

"எரியுதுடா, ஹாய்ட். மருந்து எடு."