ராணிக்கு முளைத்த தாடி

"இருந்தா! ஆம்ப்ரோஸ் ரூம்ல பொம்பள இருந்தா. அதுக்கென்ன இப்போ?" தண்ணீர்த் தொட்டியடியில் வாளியை நங்கென்று வைத்தாள் தாமசின். "அந்தப் பொம்பளையும் ஆம்ப்ரோஸ்தான்டி, உர்சுலா. எத்தன தடவ சொல்றது?"

"நல்லாச் சொன்ன போ," என்றாள் விலாங்குமீன் விற்கும் உர்சுலா. "நீலக் கவுனு, குனிஞ்ச தல, தரையில கால் படாத நட. ஜன்னல்ல நானே பாத்தேன். ஆம்பள அப்படி நடப்பானா? என் புருஷன் நடந்தா தெருவே அதிருது."

"அவன் எங்கடி நடக்கறான்? கள்ளுக்கடையிலேருந்து உருண்டுல்ல வர்றான்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் யாரும் நம்பவில்லை.

தாமசின் சொன்னது சத்தியமான உண்மை. கணவன் செத்துப் போன பிறகு, பெரிய மனிதர்கள் கழுத்தைச் சுற்றிக் கட்டும் மடிப்புத் துணிகளுக்குக் கஞ்சி போட்டுப் பிழைத்தவள் அவள். மாடியில் ஆம்ப்ரோஸ் குடியிருந்தான். தேம்ஸ் கரை நாடகக் கொட்டகையில் ராணி, கன்னிப்பெண், கைம்பெண் எல்லாம் அவன்தான். பெண்களை மேடையேற்றும் வழக்கம் அந்தக் காலத்து ஸதர்க் பேட்டையில் ஏது? பத்து வயதில் பாவாடை கட்டியவன், பத்தொன்பதிலும் அவிழ்க்கவில்லை. கொட்டகை உடுப்பை வெளியே கொண்டுபோனால் வேலை போய்விடும். அதனால் வீட்டில் ஒத்திகை பார்க்கத் தாமசின் தன் கல்யாணக் கவுனையே கொடுத்திருந்தாள். இடுப்பு அவளுக்கு எப்போதோ பற்றாமல் போய்விட்டது. அவனுக்குக் கச்சிதமாக இருந்தது. அதில் அவளுக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்கூட உண்டு.

பேச்சு கோயில் மூப்பர் ஹம்ப்ரியின் காதுக்கு எட்டியது. திங்கள்கிழமை மதியம் தடியை ஊன்றிக்கொண்டு மாடியேறிவிட்டார். கவுனும் பொய்க்கூந்தலுமாக நின்ற ஆம்ப்ரோஸைப் பார்த்ததும் பெண்ணுக்குச் செய்யும் மரியாதையாக அவருடைய தொப்பி தானாகக் கைக்கு வந்தது.

"ஐயா, இது நம்ம ஆம்ப்ரோஸ்தான்," என்றாள் பின்னாலேயே ஏறிவந்த தாமசின். "டேய், நடந்து காட்டுடா, ஆம்பள மாதிரி."

ஆம்ப்ரோஸ் நடந்தான். பயத்தில் ராணி நடைதான் வந்தது. சிரிக்கச் சொன்னாள், முந்தானை போலக் கவுன் கையை இழுத்து வாயை மூடிக்கொண்டு சிரித்தான். அதட்டச் சொன்னாள், குரல் கட்டைக்கும் கீச்சுக்கும் நடுவே உடைந்தது.

"பாவம், சளி பிடிச்சிருக்கு பொண்ணுக்கு," என்றார் மூப்பர்.

"அடக் கடவுளே! இருங்க, கவுனு முடிச்ச அவுத்துக் காட்டறேன்..."

மூப்பர் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு சுவரோரமாக வாசலைத் தடவினார். "என் கண்ணு முன்னாடியா? ஐயையோ, வேண்டாம்மா, வேண்டாம்!" படிக்கட்டில் இறங்கிக்கொண்டே தீர்ப்பைச் சொன்னார். "ஞாயித்துக்கிழம பூசைக்கு ஆம்ப்ரோஸும் வரணும், இந்தப் பொண்ணும் வரணும். இவளுக்கே ஆம்பள உடுப்ப மாட்டிக் கூட்டிட்டு வந்து ஏமாத்தலாம்னு நெனைக்காத. இல்லேன்னா, கண்ட பொண்ணுக்கு எடம் குடுத்தவள்னு வெள்ளத்துணி போத்தி, மெழுகுவத்தியோட சபை முன்னாடி நீ நிக்கணும், தாமசின்."

தாமசின் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வெள்ளைத்துணி போர்த்தியவளிடம் எந்தச் சீமாட்டி கழுத்து மடிப்பைக் கொடுப்பாள்?

"அத்தே," என்றான் ஆம்ப்ரோஸ், கன்னத்தைத் தடவியபடி. "தாடி வளத்துட்டா?"

"வாய மூடு. சனிக்கிழம ராணி வேஷம். கத்தியத் தேடி எடுத்துச் செரைடா!"

"கத்தி காணல."

"எங்க போட்ட?"

"ஆத்துல."

அவள் அவன் தலையில் நாலு குட்டு வைத்தாள். பிறகு அந்தத் தலையையே இழுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

சனிக்கிழமைக்குள் கன்னத்தில் கருகருவென்று முளைத்துவிட்டது. எவ்வளவு மாவு பூசினாலும் அடங்கவில்லை. "ராஜாவவிட ராணிக்கு ரோமம் அதிகமா இருக்கேப்பா," என்று குழுத்தலைவர் கிரீடத்தைப் பிடுங்கி வேறொருவன் தலையில் வைத்தார். ஆம்ப்ரோஸுக்குக் கிடைத்தது ஈட்டி பிடித்து நிற்கிற காவல்காரன் வேஷம். இனிமேலும் அதுதான் என்றார். வீட்டுக்கு வந்தவன் கல்யாணக் கவுனை மடித்துத் தாமசின் பெட்டியில் வைத்தான். மடிப்பு கலையாமல் வெகுநேரம் நீவிக்கொண்டிருந்தான். அவள் பார்க்காதது போல் கஞ்சியைக் கிளறினாள்.

ஞாயிறு காலை தெருவே கூடியிருந்தது. உர்சுலா கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றாள். வாசலில் மூப்பர்.

கதவு திறந்தது. கால்சட்டையும் தொப்பியுமாக, கறுத்த கன்னத்தோடு ஆம்ப்ரோஸ் வந்தான். தாமசின் சொல்லிக்கொடுத்தபடி தொண்டையைக் கனைத்து, தெருவில் எட்டிக் காறித் துப்பினான். மூப்பர் கிட்டே வந்து, தாடியை விரலால் சுண்டி இழுத்துப் பார்த்தார்.

"ஆம்பளதான்," என்றார், கொஞ்சம் ஏமாற்றமாக. "சரி, அந்தப் பொண்ணு எங்க?"

யாரும் பதில் சொல்வதற்குள் ஆம்ப்ரோஸ் வாசல் சாக்கடைக்கு வந்துவிட்டான். முந்தின ராத்திரி மழையில் அது நிரம்பி ஓடியது. ஒன்பது வருஷப் பழக்கம். அவனுடைய இரண்டு விரல்கள் கால்சட்டையின் பக்கவாட்டைக் கிள்ளி, இல்லாத பாவாடையை லேசாகத் தூக்கின.

அதைக் கண்ட மறுகணமே மூப்பரின் தொப்பி கழன்றது. கை தானாக நீண்டது. ஆம்ப்ரோஸும் விரல்நுனிகளை அந்தக் கையில் வைத்து, தலை குனிந்து, ராணியாகவே சாக்கடையைத் தாண்டினான்.

மூப்பர் தம் கையைப் பார்த்தார். அதில் இருந்த கையைப் பார்த்தார். தாடியைப் பார்த்தார்.

"நேரமாச்சு," என்று தொப்பியைக் காதுவரை இறக்கிக்கொண்டு கோயிலைப் பார்த்து நடந்தார். பெண் எங்கே என்று அதற்குப் பிறகு அவர் கேட்கவேயில்லை.