பொட்டு வைத்த சர்வர்

ஆயுத பூஜையன்று ஓடுகிற மெஷினுக்குப் பொட்டு வைக்கக் கூடாது என்பது எங்கள் மேனேஜரின் கொள்கை. சின்னக் கம்பெனிகளுக்கு ஈமெயில் வசதி செய்து தரும் தாம்பரம் ஆபீஸ் அது. சர்வர் என் பொறுப்பு. அதை அணைக்க வேண்டாம் சார் என்று சொல்லிப் பார்த்தேன்.

"ஒரு நாள் ரெஸ்ட் குடுங்க சார், அதுவும் உழைக்குதுல்ல" என்று மேனேஜரே அணைத்துவிட்டு, சந்தனம் குங்குமம் வைத்தார். நான் லீவு கேட்டால் மட்டும் அவர் முகம் சுருங்கிவிடும். மறுநாள் விஜயதசமிக்குத்தான் சர்வர் கண் திறந்தது.

அடுத்த வாரம் கீழ்க்கட்டளையிலிருந்து தோல் கையுறை தயாரிக்கும் பாய் வந்து என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார். வெளிநாட்டு ஆர்டர் ஒன்று. சாம்பிள் பிடித்திருக்கிறதா என்று மெயில் வர வேண்டும். வந்தால்தான் தோலை வெட்ட முடியும்.

"போன் பண்ணிக் கேட்டீங்களா பாய்?"

"அவசரப்படுத்தற மாதிரி ஆயிடும் சார். மெயில் வந்தாப் போதும்."

குப்பை மெயிலைத் தடுக்க ஓர் ஏற்பாடு வைத்திருந்தோம். புதிய இடத்திலிருந்து வரும் மெயிலை சர்வர் 'அப்புறம் வா' என்று திருப்பிவிட்டுக் குறித்துக்கொள்ளும். குப்பை அனுப்புகிறவன் பெரும்பாலும் திரும்ப வரமாட்டான். நல்ல மெயில் வரும், உள்ளே விடும். ரொம்பத் தாமதித்து வந்தால் பழைய குறிப்பை அழித்துப் புதிதாகத் தொடங்க வேண்டும்; அழிக்கும்வரை அந்த மெயிலை சர்வர் உள்ளே விடாது. அழிப்பதற்கென்று ஒரு புரோகிராம் உண்டு. பூஜைக்குப் பிறகு சர்வர் எழுந்தது, அந்தப் புரோகிராம் எழவில்லை. எனக்கு முன்பிருந்தவர், சர்வரோடு தானாக எழும்படி வைக்காமல், அதைக் கையால் ஓட்டிவிட்டுப் போயிருக்கிறார். செத்த குறிப்புகள் மலையாய்க் குவிந்து கிடந்தன. பாயின் மெயில் அதில் சிக்கி, வந்து வந்து திரும்பிக்கொண்டிருந்தது.

எரிச்சலோடு எல்லாவற்றையும் அழித்தேன். பாய் நகரவேயில்லை. மத்தியானம் மெயில் வந்தது. சாம்பிள் திருப்தி, உடனே சம்மதம் சொல்லுங்கள் என்றிருந்தது. பாய் முகம் மலர்ந்து செல்லை எடுத்தார். "கட்டிங் ஆரம்பிங்கப்பா!"

ஆபீஸ் பையனை டீ வாங்கி வரச் சொன்னேன். டீ வருவதற்குள், பின்னால் காத்திருந்த இன்னொரு மெயிலும் வந்து விழுந்தது. பதில் இல்லாததால் ஆர்டரை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம்.

பாய் நிதானமாகப் படித்தார். மறுபடி செல்லை எடுத்து, "கட்டிங் வேணாம்ப்பா, நிறுத்திடுங்க" என்றார். சர்வரில் குங்குமம் இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"மெயில் இப்ப ஒழுங்கா வருது சார். உங்களுக்குத்தான் சிரமம்" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

திட்டியிருக்கலாம்.