தாடை வீங்கிய மஞ்சள் மீன்

லிந்துலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் சண்முகவடிவு, மீனுக்கு அம்மை போட்டிருக்கிறது என்று வேப்பிலை தேடி அலைந்தவள். லயத்து வீடுகளில் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிப்பவர்களுக்கு என்ன, மனசு நொந்தது அவளுக்கல்லவா?

கொழும்பில் வளர்ப்பு மீன் கடையில் வேலை செய்யும் மகன் லோஜன், கண்ணாடித் தொட்டியும் நான்கு மஞ்சள் மீன்களும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தான். ஆப்பிரிக்க ஏரி மீனாம். பரம சாது. குளிர் மட்டும் ஆகாது. தொட்டிக்குள் ஹீட்டர் எந்நேரமும் வேலை செய்ய வேண்டும்.

மூன்றாம் மாதம் பெரிய பெண்மீன் தாடை வீங்கி, தீனியைத் தொடாமல் மூலையில் ஒதுங்கியது. தாடை வீங்கினால் அம்மன் வந்திருக்கிறாள் என்றுதானே அவளுக்குத் தெரியும்? வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துத் தொட்டியில் கரைத்துவிட்டு மாரியம்மனைக் கும்பிட்டாள். மறுநாள் மீன் வாயிலிருந்ததைத் துப்பிவிட்டது. கூழாங்கல் மேல் சின்னச் சின்ன முட்டைகள்.

"அம்மா, அது சீக்கு இல்ல. முட்டைய வாயிலயே வச்சிருந்து குஞ்சாக்குற மீனு. அதான் பட்டினி கெடந்துச்சு. வேப்பிலத் தண்ணி ஒத்துக்காம துப்பிருச்சு," என்றான் லோஜன் போனில். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

தை மாதம் மறுபடியும் தாடை வீங்கியது. இம்முறை தொட்டிப் பக்கம் ஒருவரையும் அண்டவிடவில்லை. வீங்கிய இருபதாம் நாள் காலை கரண்ட் போய்விட்டது. வெளியே பனி கொட்டியிருந்தது. வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுக்கிற நேரம்.

"கெளம்பு புள்ள," என்றான் கணவன் மாயாண்டி.

"நான் வரலங்க. தண்ணி குளுந்தா மறுபடியும் துப்பிரும்."

"மீனுக்குப் பிரசவம் பாக்க வேலைக்குப் போகாம நிக்கிற மொத ஆளு நீதான்!"

சொல்லிவிட்டுப் போகட்டும். தொட்டியைக் கம்பளியால் சுற்றினாள். போத்தல்களில் சுடுதண்ணீர் அடைத்து மிதக்கவிட்டாள். ஆற ஆற மாற்றினாள். கரண்ட் வந்தபோது மணி இரண்டு.

மறுநாள் அந்தியில் மீன் வாய் திறந்தது. கண்ணும் வாலுமாகக் குஞ்சுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. லோஜனுக்குப் போன் போட்டாள்.

"புள்ளைக வந்துருச்சுய்யா! இருவது இருக்கும்."

"சூப்பர்ம்மா! இதுக்காக வேலைக்குப் போகலியாமே? அப்பா சொன்னாரு."

அவள் குஞ்சுகளைப் பார்த்தபடியே சொன்னாள்:

"நீ கைப்புள்ளையா காச்சல்ல கெடந்தப்ப, உன்னைய தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவுல ஆயாகிட்ட விட்டுட்டுக் கொழுந்துக்குப் போனேன்யா. அன்னைக்கு நின்னுருக்கலாம். நிக்கல."