சாட்சி சொல்லப் போன இடம்

என் மகள் கோயம்புத்தூரில் இருந்துகொண்டே திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் எனக்கு ஒரு மனநல ஆலோசகரிடம் நேரம் வாங்கிவிட்டாள். "அப்பா, அங்க போயி மனசு விட்டுப் பேசுங்க, வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பாளையங்கோட்டைச் சபைக்காரனுக்குப் பேசச் சொல்லித் தர வேண்டுமா? ஞாயிறு ஆராதனை, வாரநாள் ஜெபக் கூட்டம், வீட்டுக்கு வீடு ஐக்கியம், ஆண்கள் கூடுகை என்று நாங்கள் மனசு விட்டுப் பேசாத இடம் கிடையாது. மைக்கைப் பிடித்தால் கீழே வைக்க மாட்டோம்.

போக வேண்டி வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவன். என் மனைவி சிறுநீரகம் கெட்டு இறந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அடக்க ஆராதனையில் நானே எழுந்து பேசினேன், குரல் நடுங்கவில்லை. "கர்த்தருக்குள்ள எவ்வளவு திடமா நிக்காரு" என்று ஊரே மெச்சியது. அந்தக் குரல்தான் இப்போது வகுப்பில் நின்றுபோகிறது. கரும்பலகையில் பாதி எழுதியிருப்பேன், வாய் திறந்திருக்கும், சத்தம் வராது. மாணவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு பயந்தார்கள். காது மூக்கு தொண்டை டாக்டர் குழாயை விட்டுப் பார்த்து, தொண்டையில் ஒன்றுமில்லை என்றார். முதல்வர் என்னைக் கூப்பிட்டு, நீண்ட விடுப்பில் போகலாமே என்று அன்பாகச் சொன்னார். அந்த அன்பின் அர்த்தம் எந்த வாத்தியாருக்கும் புரியும். வகுப்பும் போய்விட்டால் காலையில் எழுந்து சட்டை போட எனக்கு ஒரு காரணமும் இருக்காது. அந்தப் பயத்தில்தான் போகச் சம்மதித்தேன்.

யாருக்கும் தெரியக்கூடாது என்று என் அக்காவிடம் மட்டும் சொன்னேன். இதைவிட மடத்தனம் வேறு இல்லை. எங்களில் ஒரு செய்தியைப் பரப்ப வேண்டுமானால் அதை ஜெபக் குறிப்பாகக் கொடுத்தால் போதும். அன்று மாலையே பெண்கள் ஐக்கியத்தின் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது: கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும், மனைவியை இழந்த ஒரு சகோதரர், மனச் சமாதானத்துக்காக வண்ணார்பேட்டையில் சிகிச்சைக்குச் செல்கிறார், பெயர் வேண்டாம், ஜெபம் வேண்டும். நான் அக்காவிடம் சண்டைக்குப் போனேன். "ஏலே, பேரையா போட்டேன்? பேரப் போடலயே" என்றாள். அவள் முகத்தில் கள்ளமே இல்லை, அதுதான் என் எரிச்சலைக் கூட்டியது. மறுநாள் மீன் கடையில் சபை மூப்பர் ஒருவர் என் தோளைத் தட்டி, "உங்க பாரம் எங்க பாரம், சார்" என்றார். தட்டிய கையாலேயே சீலா மீனைப் புரட்டிப் பேரம் பேசினார்.

கிளினிக் ஒரு செல்போன் கடைக்கு மேலே, மாடியில் இருந்தது. மாடியேற வந்தவர்கள் முதலில் கீழே கடையில் செல்போன் உறை விலை விசாரிப்பார்கள். தெருவில் தெரிந்த முகம் இல்லை என்றதும் சட்டென்று படியேறுவார்கள். நானும் விசாரித்தேன். கடைக்காரர் உறையை எடுக்கவே இல்லை. "மேல போகத்தான வந்தீங்க, பைய ஏறிப் போங்க அண்ணாச்சி, யாரும் பாக்கல" என்றார்.

உள்ளே ஒரு சாய்வுக் கட்டில் போட்டிருக்கும், தாடிக்காரர் ஒருவர் தலைமாட்டில் உட்கார்ந்து என் குழந்தைப் பருவத்தைக் கிண்டுவார் என்று நினைத்திருந்தேன். என் மகள் வயதில் ஒரு பெண் இருந்தாள். இரண்டு நாற்காலிகள், ஒரு சின்ன மேஜை, அதன்மேல் காகிதக் கைக்குட்டைப் பெட்டி. சிகிச்சைக்கான கருவி என்று பார்த்தால் அந்தப் பெட்டி ஒன்றுதான். அவள் விதிகளைச் சொன்னாள். "ஒவ்வொரு வாரமும் முக்கால் மணி நேரம் பேசுவோம் சார். நான் மருந்து தர மாட்டேன், தேவைப்பட்டா டாக்டர்ட்ட அனுப்புவேன். நீங்க சொல்லுதது இந்த அறைய விட்டு வெளிய போகாது. யார் உயிருக்காவது ஆபத்துன்னா மட்டும் வெளிய சொல்ல வேண்டி வரும்." திருநெல்வேலியில் ஒரு அறையை விட்டு வெளியே போகாத பேச்சு என்று ஒன்று இருப்பதாக இந்தப் பெண் நம்புகிறாள். நான் மரியாதைக்குத் தலையாட்டினேன்.

"நீங்க எந்த ஊரும்மா? எந்த சபை? அப்பா என்ன பண்ணுதாங்க?" என்று ஆரம்பித்தேன். "என்னப் பத்தி இருக்கட்டும் சார், உங்களப் பத்திப் பேசுவோம்" என்றாள். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஆள் யார், எந்தக் குடும்பம், யாருக்கு என்ன முறை என்று தோண்டி எடுக்காமல் எங்களுக்குப் பேச்சைத் தொடங்கத் தெரியாது. கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்று என்று உள்ளே பாடுவோம், வெளியே வந்ததும் முதல் வேலையாக அதைத்தான் விசாரிப்போம்.

வேறு வழி தெரியாமல் நான் சாட்சி சொன்னேன். சபையில் எழுந்து நின்று, தனக்கு வந்த துன்பத்தையும் அதிலிருந்து கடவுள் தூக்கிவிட்டதையும் சொல்வதற்கு எங்களில் சாட்சி என்று பெயர். அதற்கு ஒரு கட்டு உண்டு. முதலில் பட்ட பாடு, பிறகு கண்ணீர், கடைசியில் ஜெயம். பாடுகளை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இழுக்கலாம், ஜெயம் இல்லாமல் மட்டும் உட்காரக் கூடாது. தவறி உட்கார்ந்தால் குருவானவர் மைக்கை வாங்கி, நமக்காக அவரே ஜெயத்தைச் சொல்லி முடித்துவிடுவார். நடுவில் குரல் உடைந்தால் யாராவது ஒரு பல்லவியை எடுப்பார்கள், சபை முழுவதும் சேர்ந்துகொள்ளும். உடைந்தது யாருக்கும் கேட்காது. நான் இதில் கை தேர்ந்தவன். டயாலிசிஸுக்கு அலைந்தது, கடைசி நாளில் அவள் முகத்தில் இருந்த அமைதி, நான் பெற்ற ஆறுதல் என்று கோவையாகச் சொல்லி, நேரத்துக்குள் முடித்தேன்.

அந்தப் பெண் ஆமென் சொல்லவில்லை. "அடுத்த வாரம் இதே நேரம் வாங்க சார்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. தேறிவிட்டேன் என்று சொல்லி முடித்தவனை எதற்கு மறுபடி வரச் சொல்கிறாள்? கட்டணத்துக்காகத்தான் என்று முடிவு செய்து மகளுக்குப் போன் போட்டேன். "அந்தப் பிள்ளைக்கு அனுபவம் பத்தாது. நான் நல்லா இருக்கேன்னு சொல்லுதேன், அது நம்ப மாட்டேங்கு" என்றேன். "நல்லா இருந்தா கிளாஸ்ல ஏம்ப்பா குரல் நிக்குது?" என்று கேட்டாள் மகள். போனை வைத்துவிட்டேன்.

அடுத்த வாரம் போய் முன்னைவிட நன்றாகச் சொன்னேன். புதிதாக இரண்டு வசனங்களையும் சேர்த்துக்கொண்டேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இத எங்கெல்லாம் சொல்லியிருக்கீங்க சார்?" என்றாள்.

"அடக்கத்துல, நினைவு ஆராதனைல, ஆண்கள் கூட்டத்துல. பக்கத்துல நாசரேத் சபைலகூடக் கூப்பிட்டாங்க."

"கேட்டவங்க என்ன செஞ்சாங்க?"

"அழுதாங்க" என்றேன் பெருமையாக.

"இன்னிக்குக் காலைல வீட்டுல என்ன நடந்துச்சு?" என்று கேட்டாள். இது என்ன கேள்வி என்று தோன்றியது. ஒன்றும் நடக்கவில்லை, காப்பி போட்டேன் என்றேன். போட்டு என்ன ஆயிற்று என்றாள்.

"பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிஞ்சிட்டு."

"அப்ப என்ன செஞ்சீங்க?"

எங்கள் சாட்சியில் பால் பொங்குவதற்கெல்லாம் இடமில்லை. சொல்லவா வேண்டாமா என்று யோசித்து, "ஏசினேன்" என்றேன்.

"யாரை?"

"எங்க வீட்டுக்காரியத்தான். பால அடுப்புல வச்சிட்டு எங்கட்டிப் போய்த் தொலஞ்சன்னு சத்தம் போட்டேன்."

"அப்புறம்?"

அங்கே குரல் நின்றுவிட்டது, வகுப்பில் நிற்பது போலவே. வாய் திறந்திருந்தது. யாராவது ஒரு பாட்டை எடுப்பார்கள் என்று என் காது தானாகவே காத்திருந்தது. அந்தப் பெண் எடுக்கவில்லை. தண்ணீர் நீட்டவில்லை, பெட்டியை என் பக்கம் தள்ளவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாள். கீழே பஸ்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தான். இதற்கா காசு வாங்குகிறாய் என்று அவளைத் திட்டத்தான் வாயெடுத்தேன், வந்தது வேறு.

"பதில் வரல" என்றேன். "தினம் ஏசுதேன். பதிலே வர மாட்டேங்கு. முந்தியெல்லாம் ஒண்ணு சொன்னா ஒம்பது சொல்லுவா."

அதோடு நின்றிருந்தால் மானம் மிஞ்சியிருக்கும். நிற்கவில்லை. "எல்லாரும் எனக்கு ஆறுதல் கெடச்சிட்டுங்காங்க, நானும் ஆமா ஆமாங்கேன். அந்த ஆறுதல வச்சிக்கிட்டு நான் என்னம்மா செய்ய? எனக்கு அவ வேணும்" என்று சொல்லி, மூக்கு ஒழுக அழுதேன். அந்தப் பெண் என் வாக்கியத்தை எனக்காக நல்லபடியாக முடித்துவைக்க முயலவில்லை. அது அங்கேயே, அப்படியே கிடந்தது.

அதற்குப் பிறகு பரிசுத்தம், விடுதலை ஒன்றும் இறங்கிவிடவில்லை. நேரம் முடிந்தது, பணம் கட்டினேன், பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். தலைவலிதான் மிச்சம்.

திங்கட்கிழமை பாடத்தின் நடுவில் குரல் மறுபடி நின்றது. முன்பெல்லாம் இருமுவது போல் நடித்து வராந்தாவுக்குப் போய்விடுவேன். அன்று போகவில்லை. சாக்பீஸோடு அங்கேயே நின்றேன். குரல் திரும்பியதும், "எங்க வீட்டுக்காரி ஞாபகம் வந்துட்டு, பிள்ளைகளா. கொஞ்ச நேரம் இருங்க" என்றேன்.

இருந்தார்கள். ஒருவரும் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்தேன்.