கட்டைவிரல் பள்ளம்

நீலகிரி எமரால்டு கிராமத்தில் கேரட் கழுவிக் கழுவிக் கை மரத்துப்போனபோதே ரேணுகா தீர்மானித்துவிட்டாள், செத்தாலும் இனித் தோட்ட வேலை இல்லையென்று. ஊட்டியில் ஒரு பழைய கேமராவை வாங்கிக்கொண்டு பைக்காரா படகுத்துறைக்கு வந்தாள். ஆளுக்கொரு செல்போன் இருக்கிற காலத்தில் இவளிடம் யார் படம் எடுத்துக்கொள்வார்கள் என்று சிரித்தார்கள். தேனிலவு ஜோடிகள் எடுத்துக்கொண்டார்கள். பிழைப்பு ஓடியது.

கேமரா நல்ல கனம். பட்டனைப் பாதி அழுத்தினால் விரலுக்கடியில் சின்னதாக ஒரு தடை நிற்கும். அதைத் தாண்டினால்தான் படம். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சக்கரம் ஒவ்வொரு பல்லாக டிக்கென்று விழும், கையுறை போட்டிருந்தாலும் தெரியும். பின்பக்க ரப்பரில் மட்டும், முன்பு வைத்திருந்தவனின் கட்டைவிரல் பதிந்து பள்ளம் விழுந்திருந்தது. இவள் விரல் அதில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. மூடுபனியில் படம் கறுக்காமல் இருக்கச் சக்கரத்தை இரண்டு பல் தள்ள வேண்டும். இவள் நினைப்பதற்குள் விரல் தள்ளிவிடும்.

முதலில் அது பெருமையாக இருந்தது. அந்த ஆள் யுவன், இதே படகுத்துறையில் படம் எடுத்தவன், கொண்டை ஊசி வளைவில் பைக்கோடு விழுந்து செத்தவன் என்று டீக்கடை ஜெனிஸ் சொன்னபிறகு பயம் பிடித்துக்கொண்டது. பேயை நம்பாதவள்தான். ஆனால் தன் விரலையே எப்படி நம்பாமல் இருப்பது? பனி இறங்கினாலே யாரோ அவள் விரல்மேல் விரல் வைத்து அழுத்துவது போலிருக்கும்.

போதாக்குறைக்கு மழைமாதத்தில் ரப்பர் வியர்த்த கை மாதிரி பிசுபிசுத்தது. எங்கள் மலைக்காரர்களுக்குத் தலைவலித்தாலும் நீலகிரித் தைலம், சட்டையில் கறை பட்டாலும் தைலம். ரேணுகாவும் தாராளமாகத் தைலம் தேய்த்து வைத்தாள். விடிந்து பார்த்தால் ரப்பர் அப்பளமாக உப்பி, கையோடு வந்துவிட்டது. குப்பையில் எறிந்துவிட்டுப் புதுசு ஒட்டினாள். விட்டது சனியன் என்று நிம்மதியாகத் தூங்கினாள்.

அடுத்த வாரம் ஓர் அம்மா வந்து நின்றாள்.

"நீதானா மகள், யுவன்ட கேமராவ வாங்கினது? நான் அவன் அம்மா, பேரு சின்னம்மை. கேமராக் கடைக்காரர்தான் இடம் சொன்னார். திருப்பிக் கேக்க வரல்ல. ஒருக்கா கையில தா. அவன் வெரல் வச்ச எடம் பள்ளமா இருக்கும், எனக்குக் காட்டியிருக்கான். அதத் தொட்டுட்டுப் போயிருவேன். அதுக்குத்தான் எஸ்டேட்ல லீவு போட்டு வந்தேன்."

ரேணுகா கேமராவைக் கொடுத்தாள். சின்னம்மையின் தேயிலைக் கொழுந்துக் கறை ஏறிய விரல் புது ரப்பரின் மேலும் கீழும் தேடியது.

"எங்க மகள்?"

"ரப்பர் ஒட்டுச்சுங்கம்மா... தைலம் போட்டேன், கழண்டு போச்சுங்க. குப்பையில போட்டுட்டேனுங்க." அதையும் சொல்லிவிட்டாள்: "எனக்குப் பயமா இருந்துச்சுங்கம்மா."

சின்னம்மை திட்டவில்லை. திட்டியிருந்தால் ரேணுகாவுக்குப் பாரம் குறைந்திருக்கும். கேமராவைத் திருப்பிக் கொடுத்தாள். படியிறங்கப் போனவள் நின்றாள்.

"எந்த வெரல நீ அங்க வப்ப?"

ரேணுகா கட்டைவிரலை நீட்டினாள். சின்னம்மை அதைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பொத்திக்கொண்டாள்.

"சூடா இருக்கு" என்றாள். அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது.

யாரோ ஒரு ஜோடி போட்டோவுக்குக் கூப்பிட்டது. ரேணுகா விரலை உருவிக்கொள்ளவில்லை.